நஷ்டத்தை நிறுத்தும் எல்லைக்கோட்டை நானே கீழே இறக்கிவிடுகிறேன்: என் கையை எப்படிக் கட்டுவது?

மெரிபேங்க் வாசகன் | ஞாயிறு, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாட்கள் யோசித்த பிறகே எழுதுகிறேன். எனக்கு வயது 31. டர்பனின் தென்பகுதியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மனைவியும் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்காக ஆறு ஆண்டுகளில் 80,000 ரேண்டு சேர்த்திருந்தேன். சென்ற ஆண்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஜோகன்னஸ்பர்க் சந்தையில் பங்குகள் வாங்கினேன். சிறிய லாபம் கிடைத்தது. அந்தத் துணிவில் கிரிப்டோ பக்கம் போனேன்.

சென்ற வியாழக்கிழமை இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களை மேசையில் உட்கார்ந்து, 31,000 ரேண்டை ஈடாக வைத்துப் பத்து மடங்கு லெவரேஜில், அதாவது மீதியைத் தளத்திடம் கடனாக எடுத்து, பிட்காயின் வாங்கினேன். 4,000 ரேண்டு நஷ்டம் வந்தால் தானாக வெளியேறும்படி ஸ்டாப் லாஸும் போட்டேன். விலை அந்தக் கோட்டை நெருங்கியபோது கோட்டைக் கீழே இறக்கினேன். மறுபடியும் நெருங்கியது, மறுபடியும் இறக்கினேன். மூன்றாவது முறை அதை ரத்தே செய்துவிட்டேன். அதிகாலை 2.50 மணிக்கு, ஈடு கரைந்துபோனதால், தளமே அந்தப் பிட்காயினை விற்று முடித்தது. 31,000 ரேண்டும் போனது. மேசைமேல் வைத்திருந்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு வாய்கூட நான் குடித்திருக்கவில்லை.

இப்போது கையில் ரொக்கமாக 27,000 ரேண்டு இருக்கிறது. இதற்கு முன்பே 22,000 ரேண்டுக்கு வாங்கிய ஒரு சிறு கிரிப்டோ நாணயம் இன்று 9,000 ரேண்டுக்கு வந்து நிற்கிறது. மனைவியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

விதிகள் எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டாப் லாஸை நகர்த்தக்கூடாது என்று எனக்கு நானே எழுதி வைத்திருந்தேன். தெரிந்தும் கை அதைச் செய்தது. அந்தக் கையை எப்படி நிறுத்துவது என்பதுதான் என் கேள்வி. இரண்டாவதாக, அந்தச் சிறு நாணயத்தில் இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா, அதாவது என் சராசரி வாங்கும் விலையைக் குறைக்கலாமா?

இரவுப்பறவை | ஞாயிறு, இரவு 11.35

தம்பி, முதலில் இன்று இரவு எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். நாணயம் நாளைக்கும் இருக்கும். விலை என்னவாக இருந்தாலும் அதைத் தெளிவான தலையோடு பார்க்கலாம். நான் மாரிட்ஸ்பர்க்கில் இரவுப் பணி செய்யும் செவிலியன். ஷிப்டு முடிந்த உடலில் எடுக்கும் முடிவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

லெனேசியாக்காரன் | திங்கள், காலை 7.15

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கையைக் கட்டும் வழி கேட்கிறீர்கள். நான் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தரகு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை வாங்கிப் போடும் மேசையில் வேலை பார்த்தவன். அந்த மேசையில் இருந்து நான் கண்டது இதுதான்: தாங்க முடியாத தொகை ஆபத்தில் இருக்கும்போது எந்தக் கையும் நிற்காது. படித்தவர், முதியவர், மருத்துவர், கணக்கர் எல்லோரும் தொலைபேசியில் அழைத்து, "இன்னும் கொஞ்சம் கீழே வைத்துப் பாருங்கள்" என்றே சொன்னார்கள். அதே மனிதர்கள் சிறு தொகையில் வாங்கியிருந்தபோது ஸ்டாப் லாஸ் அடித்துச் சென்றதை மறுநாள்தான் கவனித்தார்கள். ஆக, உங்கள் கையைப் பற்றிய கேள்வியை நான் தொகையைப் பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வியாழக்கிழமை இரவு உங்களிடம் எல்லாம் சேர்த்து 67,000 ரேண்டு இருந்திருக்கிறது. 4,000 ரேண்டு என்று நீங்கள் குறித்த நஷ்டமே அதில் ஏறத்தாழ 6 விழுக்காடு. அதுவே பெரிது. ஆனால் உண்மையில் ஆபத்தில் இருந்தது 31,000 ரேண்டு; அதாவது கிட்டத்தட்ட பாதி. பத்து மடங்கு லெவரேஜ் என்றால் 3,10,000 ரேண்டு மதிப்புள்ள பிட்காயினை நீங்கள் சுமந்துகொண்டிருந்தீர்கள். விலை பத்து விழுக்காடு இறங்கினால் ஈடு முழுவதும் போய்விடும்; நடைமுறையில் தளம் அதற்குச் சற்று முன்பே மூடிவிடும். பிட்காயின் ஓரிரவில் பத்து விழுக்காடு அசைவது புதிதல்ல. 2020 மார்ச் 12 அன்று 8,000 டாலரை ஒட்டி இருந்த விலை அன்றே 5,000 டாலருக்கும் கீழே போனதைப் பார்த்திருக்கிறோம். வீட்டு முன்பணத்தின் பாதி அசைந்துகொண்டிருக்கும்போது ஒரு தகப்பனின் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தொழில்முறையாகச் செய்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள். எவ்வளவு லாபம் வரும் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒரு முயற்சி முழுக்கத் தவறினால் எவ்வளவு போகலாம் என்பதை முதலில் எழுதுவார்கள். அது மொத்த மூலதனத்தில் 1 விழுக்காடு என்று வையுங்கள். இன்று உங்களிடம் இருப்பது 36,000 ரேண்டு. ஆகவே 360 ரேண்டு. ஒரு பங்கு 120 ரேண்டுக்கு விற்கிறது; 108 ரேண்டுக்கு வந்தால் என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன் என முடிவு செய்கிறீர்கள். இடைவெளி 12 ரேண்டு. 360-ஐ 12-ஆல் வகுத்தால் 30 பங்குகள்; மொத்த விலை 3,600 ரேண்டு. எத்தனை பங்கு வாங்குவது என்பதை உங்கள் ஆசை தீர்மானிப்பதில்லை. அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. விலை அதிகமாக ஆடும் பொருள் என்றால் இடைவெளி அகலமாகும். வாங்கும் எண்ணிக்கை தானாகக் குறையும்.

ஏன் 1 விழுக்காடு என்று கேட்பீர்கள். தொடர்ந்து பத்து முறை தோற்றால், ஒவ்வொரு முறையும் 1 விழுக்காடு இழந்தவனிடம் மூலதனத்தில் 90 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு இழந்தவனிடம் மிஞ்சுவது 35 விழுக்காடுகூட இல்லை. தொடர்ந்து பத்துத் தோல்வி என்பது நல்ல முறை வைத்திருப்பவருக்கும் என்றாவது ஒரு நாள் வரும்.

ஒரு சிறு குறிப்பு: நம் சந்தையில் பங்கு விலையைச் சென்ட்டில் காட்டுவார்கள். 12000 என்று திரையில் இருந்தால் 120 ரேண்டு. கணக்குப் போடும்போது இதில் தவறியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கரும்புத்தோட்டம் | திங்கள், காலை 10.05

லெனேசியாத் தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்காவிட்டால் படிப்பவர்கள் ஸ்டாப் லாஸை ஒரு காவல் தெய்வமாக நினைத்துவிடுவார்கள். நான் டோங்காட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன். முப்பது ஆண்டுகளாகப் பங்குகள் வைத்திருக்கிறேன்.

ஸ்டெயின்ஹாஃப் நிறுவனத்தில் நடந்ததை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 டிசம்பர் 5 அன்று சந்தை மூடிய பிறகு, கணக்கு முறைகேடுகள் பற்றி விசாரணை தொடங்குவதாகவும் தலைமை நிர்வாகி விலகிவிட்டதாகவும் அறிவிப்பு வந்தது. மறுநாள் அந்தப் பங்கு ஒரே நாளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. முந்தைய நாள் விலைக்குப் பத்து விழுக்காடு கீழே ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவரின் கதி என்ன? அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. சந்தை திறந்ததே வெகு கீழே. ஆர்டர் இயங்கியது, கிடைத்த விலைக்கு விற்றது. அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியே அந்தப் பங்கை வைத்திருந்தது என்றால், வாங்கியவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. விழுந்த பிறகு "இவ்வளவு மலிவா" என்று வாங்கியவர்களும் எஞ்சியதை இழந்தார்கள். 2023-இல் அந்தப் பங்கு பட்டியலில் இருந்தே நீங்கியது.

அடுத்து, அதற்கு நேர் எதிரான ஒரு நாள். 2018 ஜனவரி 30 அன்று வைஸ்ராய் என்னும் ஆய்வுக்குழு கேபிடெக் வங்கியைத் தாக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்டெயின்ஹாஃப் பற்றிய அறிக்கையால் பெயர் பெற்றிருந்த அதே குழு என்பதால் எல்லோரும் நடுங்கினார்கள். பகலில் பங்கு ஏறத்தாழ கால்பங்கு மதிப்பை இழந்தது. வங்கி நல்ல நிலையில் இருப்பதாக ரிசர்வ் வங்கி அன்றே அறிவித்தது; மாலையில் வீழ்ச்சி 3 விழுக்காடு அளவில் முடிந்தது. அன்று ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர் நடுப்பகலின் அடிவிலையில் விற்றுவிட்டு, மாலையில் வேடிக்கை பார்த்தார். பின்னாளில் அந்தப் பங்கு பல மடங்கு உயர்ந்தது.

இரண்டு மாதங்களுக்குள் நடந்த இந்த இரண்டு நாட்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஸ்டாப் லாஸ் காப்பாற்றவில்லை. மற்றோரிடத்தில் அதுவே கெடுத்தது. எந்த நாள் எது என்று முன்கூட்டி அறிய நம் யாருக்கும் வழியில்லை. இரண்டிலும் பாதுகாப்பாக இருந்தவர் ஒருவர்தான்: மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு மூன்றோ நான்கோ மட்டும் அந்த ஒரு நிறுவனத்தில் வைத்திருந்தவர். ஆகவே கணக்கு போடும்போது ஸ்டாப் லாஸ் இயங்கினால் எவ்வளவு போகும் என்பதோடு, அது இயங்காமலே போய்விட்டால் எவ்வளவு போகும் என்பதையும் எழுதி வையுங்கள். லெவரேஜ் எடுத்தவரால் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாது.

மெரிபேங்க் வாசகன் | திங்கள், பிற்பகல் 1.20

அண்ணன், ஐயா, இருவருக்கும் நன்றி. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 360 ரேண்டு என்று படித்தபோது எனக்குள் கோபம் வந்தது. நான் இழந்திருப்பது 44,000 ரேண்டு. ஒரு முறைக்கு 360 ரேண்டு ஆபத்து எடுத்து, அது நன்றாகப் போய் 700 ரேண்டு கிடைத்தாலும், வீட்டுப் பணத்தை நான் எப்போது திருப்பிச் சேர்ப்பேன்? மகள் பள்ளியில் சேர்வதற்குள் வீடு பார்க்க வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறோம். வியாழக்கிழமை இரவும் இந்த எண்ணம்தான் இருந்தது. நாணயத்தில் விட்டதைப் பிடிக்கத்தான் லெவரேஜ் எடுத்தேன்.

பீனிக்ஸ் கணக்கர் | திங்கள், மாலை 6.40

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் நோய் இருக்கிறது. அக்காவாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

36,000 மறுபடியும் 80,000 ஆக வேண்டும் என்றால் 122 விழுக்காடு லாபம் வேண்டும். 20 விழுக்காடு இழந்தவருக்கு 25 போதும். பாதியை இழந்தவருக்கு 100 வேண்டும். 90 விழுக்காடு இழந்தவருக்கு 900. பள்ளம் ஆழமாக ஆழமாக ஏணி அதைவிட வேகமாக நீள்கிறது. அவசரமாக 122 விழுக்காடு வேண்டும் என்று தேடுபவருக்கு முன்னால் இருக்கும் வழிகள் எல்லாம் உங்கள் வியாழக்கிழமை இரவைப் போன்றவையாகத்தான் இருக்கும். அதே 44,000-ஐச் சம்பளத்தில் இருந்து மாதம் 1,500 ரேண்டு வைத்துச் சேர்த்தால் 30 மாதங்களுக்குள் முடியும். எழுதிப் பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் அது நிச்சயமாக நடக்கக்கூடியது. வீட்டுப் பணத்தைத் திருப்பித் தரும் வேலையைச் சம்பளத்துக்குக் கொடுங்கள். சந்தைக்கு அந்த வேலையைக் கொடுத்தால், ஒவ்வொரு விலை அசைவும் உங்கள் மகளின் வீட்டைப் பற்றிய செய்தியாக மாறிவிடும். அந்த நிலையில் யாராலும் நல்ல முடிவு எடுக்க முடியாது.

இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று எண்ண வேண்டாம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நஷ்டம் தரும் வலி கூடுதல் என்று காட்டியது. அதே ஆய்வின் இன்னொரு முடிவுதான் உங்களுக்கு முக்கியம்: ஏற்கெனவே நஷ்டத்தில் நிற்பவர், உறுதியான சிறு நஷ்டத்தை ஏற்க மறுத்து, தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும் பெரிய ஆபத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பார். 4,000-ஐ ஏற்க முடியாமல் 31,000-ஐப் பணயம் வைத்தீர்களே, அதுதான் இது. லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்றுவிட்டு நஷ்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்துக்கு ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் 1985-இலேயே பெயர் வைத்து விளக்கியிருக்கிறார்கள். உங்கள் பங்குகளைச் சிறு லாபத்தில் விற்றீர்கள். 60 விழுக்காடு விழுந்த நாணயத்தை இன்னும் வைத்திருக்கிறீர்கள். படித்துப் பாருங்கள், உங்களைப் பற்றியே எழுதியதுபோல் இருக்கும்.

அடிக்கடி வாங்கி விற்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்பர், ஓடியன் என்ற இரு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் பெற்றது 11.4 விழுக்காடு. தேர்ந்தெடுத்த பங்குகள் மோசம் என்பதைவிட, கட்டணமும் அவசரமும் தின்றுவிட்டன.

ஆவரேஜ் செய்வது பற்றி: மாதாமாதம் ஒரே தொகைக்கு, பல நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பரந்த குறியீட்டு நிதியை வாங்குவதும் விலை இறங்கும்போது கூடுதலாக வாங்குவதுதான்; அதில் தவறில்லை, ஏனெனில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒரே நாளில் பூஜ்யமாவதில்லை. தனி ஒரு நாணயம் பூஜ்யமாகும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலரை ஒட்டி விற்ற லூனா நாணயம் பத்து நாட்களுக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. 40-இல் வாங்கி, 20-இல் வாங்கி, 5-இல் வாங்கி ஆவரேஜ் செய்தவர்கள் ஒவ்வொரு படியிலும் தங்கள் வாங்கும் விலையைக் குறைத்துக்கொண்டதாக மகிழ்ந்தார்கள். (நம் நாட்டில் பலர் பயன்படுத்தும் லூனோ தளத்துக்கும் இந்த நாணயத்துக்கும் தொடர்பு கிடையாது, பெயர் ஒத்திருப்பதால் சொல்கிறேன்.) உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று அந்த நாணயம் உங்களிடம் இல்லாமல், கையில் 9,000 ரேண்டு ரொக்கமாக இருந்தால், அதை வாங்குவீர்களா? மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்கான காரணம் வாங்கிய விலை மட்டுமே. அந்த விலை உங்களைத் தவிர யாருக்கும் நினைவில்லை.

விற்றால் விற்ற நாள், விலை, கட்டணம் மூன்றையும் குறித்து வையுங்கள். வரித்துறையான சார்ஸ் கிரிப்டோவை நாணயமாகப் பார்ப்பதில்லை, சொத்தாகப் பார்க்கிறது. அடிக்கடி விற்பவரின் லாபம் சாதாரண வருமானமாகவே கணக்கிடப்படலாம். பிப்ரவரி கடைசியில் வரி ஆண்டு முடியும்போது, பாதித் தாள்களோடு என் மேசைக்கு வருபவர்கள் அதிகம்.

காய்கறிக்கடை மகள் | திங்கள், இரவு 8.30

அண்ணா, எனக்குப் பங்குச்சந்தை அதிகம் தெரியாது. ஒரு குறியீட்டு நிதியில் மாதம் 500 ரேண்டு போடுவதோடு சரி. ஆனால் லெனேசியா அண்ணன் எழுதிய கணக்கைப் படித்தபோது அப்பா நினைவுக்கு வந்தார்.

சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் அப்பாவுக்குக் காய்கறிக் கடை இருந்தது. விடியுமுன் கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக எடுத்து வருவார். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். கத்தரிக்காய் மலிவாக இருக்கும் நாளில் மற்ற கடைக்காரர்கள் இருபது பெட்டி, முப்பது பெட்டி என்று ஏற்றுவார்கள். அப்பா சட்டைப்பையில் இருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து, பென்சிலால் ஏதோ எழுதிப் பார்த்துவிட்டு எட்டுப் பெட்டி எடுப்பார். ஒருநாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் காய், வலப்பக்கம் ஒரே ஓர் எண். சனிக்கிழமை மழை பெய்து ஒரு காய்கூட விற்காமல் எல்லாம் அழுகினாலும், திங்கட்கிழமை மறுபடியும் வாங்கப் போக எவ்வளவு பணம் மிஞ்சும் என்பதுதான் அந்த எண். மலிவு, லாபம் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. மழை பெய்த சனிக்கிழமைகளில் மற்றவர்கள் சத்தம் போட்டு அடிவிலைக்குத் தள்ளுவார்கள். அப்பா தார்ப்பாயின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் இயல்பிலேயே அமைதியானவர் என்று அந்த வயதில் நினைத்தேன். அவர் அமைதியானவர் அல்லர். வீட்டில் உப்பு கூடிப்போனால் எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்திருக்கும் நஷ்டத்தை யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வரும். அந்த அவசரத்தைக் கொடுப்பது பணம் போனது அல்ல, அதை மறைத்தது.

இரவுப்பறவை | செவ்வாய், காலை 9.00

ஞாயிறு இரவு வாக்களித்ததை, ஒரு நாள் தாமதமாக எழுதுகிறேன். ஓரிடத்தில் நான் மற்றவர்களோடு வேறுபடுகிறேன். இந்த இழையைப் படிப்பவர்கள் கிரிப்டோ என்றாலே ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் 2019 முதல் பிட்காயின் வைத்திருக்கிறேன். 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போனதையும், ஓராண்டு கழித்து 16,000 டாலருக்கும் கீழே வந்ததையும் வைத்துக்கொண்டே கடந்தேன். என் மொத்தச் சேமிப்பில் அது 4 விழுக்காடு, லெவரேஜ் கிடையாது. நான்கில் மூன்று பங்கு போனபோதும் என் வீட்டுக் கணக்கில் 3 விழுக்காடுதான் அசைந்தது. வார்டில் இருந்தபடி செய்தியைப் படித்துவிட்டு, மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆனால் பங்குச் சந்தைக்கு இல்லாத ஓர் ஆபத்து இங்கே இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் சந்தை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. அந்த மூடல் ஒரு வரம். எதையும் செய்ய முடியாது என்பதால் மனம் அடங்குகிறது. கிரிப்டோ ஒருபோதும் மூடுவதில்லை. ஆகவே அந்தக் கதவை நாமே செய்து மாட்டிக்கொள்ள வேண்டும். இரவு 9 முதல் காலை 6 வரையிலும், இரவுப் பணி முடிந்து தூங்கி எழும் வரையிலும் எந்த ஆர்டரும் போடுவதில்லை என்பது என் விதி. போனில் செயலியே இல்லை, மடிக்கணினியில் மட்டும்தான். மடிக்கணினியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, இரண்டாவது சரிபார்ப்பையும் முடிப்பதற்குள் பாதி வேகம் தணிந்துவிடும்.

இன்னும் ஒன்று, ரேண்டில் விலை பார்ப்பவர்களுக்கு. திரையில் தெரியும் எண் இரண்டு விலைகளின் பெருக்கல்: நாணயத்தின் டாலர் விலை, டாலரின் ரேண்டு விலை. 2020 தொடக்கத்தில் 14 ரேண்டு அளவில் இருந்த டாலர் ஏப்ரலில் 19-ஐத் தாண்டியது. டாலரில் விழுந்ததை ரேண்டின் வீழ்ச்சி மறைத்துவிடும். நம் கணிப்பு சரியென்று தவறாக நம்பிவிடுவோம். தளத்தையும் பாருங்கள். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ தளம் 2022 நவம்பரில் திவால் மனு கொடுத்தபோது, சரியான விலையில் சரியான நாணயம் வாங்கியவர்களின் பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது. இங்கே எஃப்எஸ்சிஏ என்னும் நிதித்துறை நடத்தை ஆணையம் 2022 அக்டோபரில் கிரிப்டோவை நிதிப் பொருளாக அறிவித்து, தளங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. உரிமம் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். உரிமம் விலை வீழ்ச்சியில் இருந்து காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரும்புத்தோட்டம் | செவ்வாய், முற்பகல் 11.30

மெரிபேங்க் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. பொதுவெளியில் நஷ்டத்தை எழுதியவரைத் தேடித் தனிச்செய்தி வரும். "இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். அல்லது தானியங்கி மென்பொருள் மாதம் 10 விழுக்காடு தரும் என்பார்கள். இந்த நாட்டிலேயே மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற திட்டம், மென்பொருள்தான் வணிகம் செய்கிறது என்று சொல்லி உலகெங்கும் பிட்காயின் திரட்டியது. 2020 டிசம்பரில் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. 29,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் திரட்டப்பட்டதாக அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் வழக்கில் குறிப்பிட்டது. விட்டதைப் பிடிக்கத் துடிப்பவர்தான் இவர்களுக்கு எளிய இரை. எங்கள் ஊரிலும் கோயில் திருவிழாவில் அறிமுகமான ஒருவர் வழியாக இப்படியொரு திட்டம் வந்தது. ஓய்வூதியத்தை மொத்தமாகப் போட்ட என் நண்பர் ஒருவர் இன்றும் பகுதிநேர வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் முயன்ற பிறகும் இரவில் கை தானாகப் போனை நோக்கிப் போனால், அதை வணிகமாகக் கருதாமல் சூதாட்டப் பழக்கமாகக் கருதி உதவி கேளுங்கள். பொறுப்பான சூதாட்டத்துக்கான தேசியத் திட்டம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. கேட்பதில் இழுக்கில்லை.

மெரிபேங்க் வாசகன் | சனி, காலை 10.15

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். திங்கட்கிழமை இரவே மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மிச்சம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டாள். எழுதிக் காட்டினேன். எதையோ தவறவிட்டிருக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டாள். மறுநாள் காலை சமைக்கும்போது அழுதாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை, அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ரொக்கம் இருந்தால் அந்த நாணயத்தை வாங்கியிருக்க மாட்டேன். அதற்குள் இன்னும் சற்று இறங்கியிருந்தது. 8,700 ரேண்டுக்கு விற்றேன். விற்பதற்கு முன் கால்மணி நேரம் விரல் திரைமேல் நின்றது. விற்ற பிறகு அது ஏறுகிறதா என்று அன்று முழுவதும் பார்த்தேன், புதன்கிழமை பார்க்கவில்லை. லெவரேஜ் கணக்கை மூடிவிட்டேன். 30,700 ரேண்டு மனைவியின் பெயரில் இருக்கும் அறிவிப்புக்கால வைப்புக்குப் போய்விட்டது. முன்கூட்டிச் சொல்லாமல் எடுக்க முடியாது. மாதம் 1,500 ரேண்டு அங்கே போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். கற்றுக்கொள்வதை நான் நிறுத்த வேண்டாம் என்று அவளே சொன்னதால், 5,000 ரேண்டு மட்டும் பங்குகளுக்காகத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

காய்கறிக்கடைத் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சிறிய நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் எழுத ஒரு சந்தேகம். 1 விழுக்காட்டை 5,000-இல் கணக்கிட வேண்டுமா, வைப்பில் இருப்பதையும் சேர்த்து 35,700-இலா? முதலாவது என்றால் ஒரு முறைக்கு 50 ரேண்டுதான் வருகிறது.

லெனேசியாக்காரன் | சனி, காலை 10.40

5,000-இல் கணக்கிடுங்கள், தம்பி. வைப்பில் இருப்பது வீட்டுப் பணம். அது இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. குறைந்தபட்சக் கட்டணம் வாங்கும் தளங்களில் 50 ரேண்டு ஆபத்துக்குக் கட்டணமே பெரிதாகிவிடும். ஆகவே பங்கின் ஒரு பகுதியை வாங்கவிடும், விழுக்காட்டுக் கணக்கில் மட்டும் கட்டணம் எடுக்கும் தளமாகப் பாருங்கள். முதல் இருபது முயற்சிகளையும் நோட்டில் எழுதி முடித்த பிறகு, வாங்குமுன் எழுதிய வெளியேறும் விலையும் உண்மையில் வெளியேறிய விலையும் எத்தனை இடத்தில் ஒன்றாக இருக்கின்றன என்று மட்டும் எண்ணி இங்கே சொல்லுங்கள். லாபமா நஷ்டமா என்று நான் கேட்க மாட்டேன்.

மெரிபேங்க் வாசகன் | சனி, காலை 10.55

சரி, அண்ணா. 50 என்று எழுதிவிட்டேன்.